திரையில் தெரியும் வோல்ட் எது? செயலியின் மின்னழுத்த அளவீடுகளைப் புரிந்துகொள்வோம்

மேல்நிலை முதலாம் ஆண்டு கணினி அறிவியலில் நுண்செயலியின் பண்புகளை நடத்தும்போது ‘கடிகார வேகம்’ என்ற சொல் வருகிறது. அது ஹெர்ட்ஸில் அளக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். மாணவர்கள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. “அந்த வேகத்தை நாமே கூட்டலாமாமே, சார்?” என்று கேட்கிறார்கள். இதற்கு ‘ஓவர்கிளாக்கிங்’ என்று பெயர் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் கணினி உள்ள ஒன்றிரண்டு பேர் காணொளியைப் பார்த்துச் செய்தும் பார்த்துவிடுகிறார்கள். அந்தக் கணினி பெரும்பாலும் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது.

வேகத்தைக் கூட்டுபவர் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. பயாஸில் 1.35 வோல்ட் என்று அமைத்திருப்பார். ஒரு மென்பொருள் 1.32 என்று காட்டும். இன்னொன்று 1.216 என்று காட்டும். எதை நம்புவது? பெரிய எண்ணைப் பார்த்துத் தேவையில்லாமல் பயப்படுபவர்கள் உண்டு. சிறிய எண்ணைப் பார்த்து ‘இன்னும் கூட்டலாம்’ என்று துணிந்து செயலியைக் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு. இந்த எண்களைப் புரிந்துகொள்ளப் பெரிய பொறியியல் அறிவு தேவையில்லை. பத்தாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் ஓம் விதியே பெரும்பகுதியை விளக்கிவிடும்.

வேகத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் என்ன தொடர்பு?

செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 50 என்றால் வேகம் 5000 மெகாஹெர்ட்ஸ், அதாவது 5 கிகாஹெர்ட்ஸ். இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கூட்டினால் வேகம் கூடும். 1998-ல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் பெருக்கி 4.5 என மாற்ற முடியாதபடி இருந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 300 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அந்தச் செயலியை, கடிகாரத்தை 100 ஆக்கிப் பலரும் 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள்.

செயலிக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தன்னை அடுத்துள்ள மிகச் சிறிய மின்தேக்குத் திறனை மின்னேற்றம் செய்தும் இறக்கியும் 0, 1 என்ற நிலைகளை உருவாக்குகிறது. கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள் இந்த மாற்றம் முடிந்துவிட வேண்டும். வேகத்தைக் கூட்டினால் துடிப்புக்குரிய நேரம் குறைகிறது. நேரத்துக்குள் மாற்றம் முடியாவிட்டால் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 பதிவாகும், கணக்கு தவறும், கணினி உறைந்து நிற்கும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர் விரைவாக மாறும். ஓவர்கிளாக்கிங்கில் மின்னழுத்தம் நுழைவது இதற்காகத்தான்.

கொடுக்க வேண்டிய விலை

மேல்நிலை இரண்டாம் ஆண்டு இயற்பியலில் மின்தேக்கியில் சேமிக்கப்படும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று படிக்கிறார்கள். செயலியிலும் அதே விதிதான். அது நிலைமாறும்போது செலவிடும் திறன், மின்தேக்குத் திறன், மின்னழுத்தத்தின் இருமடி, அதிர்வெண் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவில் அமைகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 4.0 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில், 1.20 வோல்ட்டில் ஒரு செயலி 100 வாட் செலவிடுகிறது. அதை 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்த 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று கொள்வோம்.

அதிர்வெண் விகிதம்: 4.6 ÷ 4.0 = 1.15
மின்னழுத்த விகிதம்: 1.35 ÷ 1.20 = 1.125
அதன் இருமடி: ஏறத்தாழ 1.266
திறன் விகிதம்: 1.15 × 1.266 = ஏறத்தாழ 1.456

வேகம் 15 விழுக்காடு கூடியது. திறனோ ஏறத்தாழ 46 விழுக்காடு கூடி 146 வாட் ஆகிவிட்டது. அத்தனையும் வெப்பமாகவே வெளியேற வேண்டும். மின்னோட்டத்தையும் பாருங்கள். 100 வாட்டை 1.20-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 83 ஆம்பியர். 146 வாட்டை 1.35-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 108 ஆம்பியர். விரல்நகம் அளவுள்ள சிலிக்கானுக்குள் நூறு ஆம்பியர் பாய்கிறது என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்ற சூத்திரத்தைக் கொண்டு அவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்.

12 வோல்ட் 1 வோல்ட்டாக மாறும் பாதை

மேசைக் கணினியின் மின்வழங்கிப் பெட்டி, வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. செயலிக்கென்று தனியாக 12 வோல்ட் இணைப்பு உண்டு. 1978-ல் வந்த இன்டெல் 8086 செயலி 5 வோல்ட்டில் இயங்கியது. இன்றைய செயலிகளோ 1 வோல்ட்டையொட்டி இயங்குகின்றன. ஆகவே 12 வோல்ட்டை ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைக்கும் மின்னழுத்தச் சீராக்கி மதர்போர்டிலேயே, செயலியைச் சுற்றி அமைந்திருக்கிறது. செயலிக்கு அருகே வரிசையாகத் தெரியும் சிறு கருங்கட்டிகள் அதன் மின்தூண்டிகள்.

இந்தச் சீராக்கி எவ்வளவு மின்னழுத்தம் தர வேண்டும் என்பதைச் செயலியே ஒரு டிஜிட்டல் குறிப்பின் மூலம் கேட்டுக்கொண்டிருக்கும். வேலை கூடும்போது ஒரு எண், குறையும்போது வேறொரு எண் என்று அந்தக் கோரிக்கை நொடிக்குப் பலமுறை மாறும்.

ஒரே நேரத்தில் நான்கு எண்கள்

இந்தப் பாதையை மனத்தில் வைத்துக்கொண்டால் நான்கு வகை எண்களைப் பிரித்தறியலாம்.

1. அமைத்த எண்: பயாஸில் நாம் எழுதிவைத்தது. இது நம் விருப்பம். அளவீடு அன்று.

2. கோரிய எண்: மென்பொருள்களில் ‘விஐடி’ என்ற பெயரில் வருவது. செயலி சீராக்கியிடம் கேட்கும் மின்னழுத்தம். இதுவும் அளவீடு அன்று. பயாஸில் நாம் ஒரு நிலையான மின்னழுத்தத்தை வற்புறுத்தி அமைத்துவிட்டால், சில மதர்போர்டுகளில் விஐடி தன் போக்கில் வேறொரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

3. போர்டு அளந்த எண்: ‘விகோர்’ என்று வருவது. மதர்போர்டில் உள்ள ஒரு கண்காணிப்புச் சில்லு அளந்து சொல்வது. எந்த இடத்தில் தொட்டு அளக்கிறது என்பதைப் பொறுத்து இதன் நம்பகம் மாறும். சில போர்டுகளில் செயலி பொருந்தும் சாக்கெட்டுக்கு அருகே அளக்கிறார்கள். அங்கிருந்து சிலிக்கானை அடைவதற்குள் மின்னழுத்தம் இன்னும் கொஞ்சம் குறையும். எனவே வேலைப்பளு மிகும்போது இந்த எண் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். வேறு சில போர்டுகளில் சிலிக்கானிலிருந்தே உணர்கம்பி எடுத்து அளக்கிறார்கள். அது உண்மைக்கு நெருக்கமானது.

4. சீராக்கி அறிவிக்கும் எண்: சீராக்கியின் கட்டுப்பாட்டுச் சில்லு, தான் வெளியிடும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் தானே அறிவிப்பது. எல்லாப் போர்டுகளிலும் இது கிடைக்காது. கிடைத்தால் பயனுள்ள எண்.

ஆக, மேலே சொன்ன 1.35, 1.32, 1.216 என்ற மூன்றில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று நாம் எழுதியது, ஒன்று செயலி கேட்டது, ஒன்று போர்டு அளந்தது. கேள்விகள் வேறு என்பதால் விடைகளும் வேறாக உள்ளன.

மோட்டார் போட்டால் விளக்கு மங்குவது போல

கேட்டதைவிடக் கிடைத்தது ஏன் குறைகிறது? கிராமத்து மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு சற்று மங்குகிறதல்லவா? மோட்டார் இழுக்கும் அதிக மின்னோட்டம் கம்பியின் மின்தடை வழியே பாயும்போது, மின்னோட்டம் × மின்தடை அளவுக்கு மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடுகிறது.

செயலியிலும் இதுவே நடக்கிறது. பாதையின் மின்தடை அரை மில்லி ஓம்தான் என்று கொள்வோம். 0.0005 ஓம் என்பதை வேறு எங்கும் சுழி என்றே விட்டுவிடுவோம். ஆனால் 100 ஆம்பியர் பாயும்போது 100 × 0.0005 = 0.05 வோல்ட் இழப்பு. 1.25 வோல்ட்டில் 0.05 என்பது 4 விழுக்காடு.

இதற்கு மேல், சீராக்கியே மின்னோட்டம் கூடக்கூட மின்னழுத்தத்தைக் குறைத்துத் தருமாறு வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டுள்ளது. இந்தச் சரிவை ‘லோட் லைன்’ என்பார்கள். சரிவு 1.1 மில்லி ஓம், சுமையில்லா மின்னழுத்தம் 1.300 வோல்ட் என்று வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது இது:

20 ஆம்பியரில் 1.278 வோல்ட்
50 ஆம்பியரில் 1.245 வோல்ட்
80 ஆம்பியரில் 1.212 வோல்ட்
110 ஆம்பியரில் 1.179 வோல்ட்

ஏன் இப்படிக் குறைக்க வேண்டும்? 110 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்த செயலி திடீரென வேலையை முடித்து 20 ஆம்பியருக்கு இறங்கினால், சீராக்கியால் அந்தக் கணமே தன்னைத் திருத்திக்கொள்ள முடியாது. அந்த இடைவெளியில் மின்னழுத்தம் மேலே துள்ளும். முன்பே தாழ்வாக இருந்தால் துள்ளினாலும் பாதுகாப்பான எல்லைக்குள் நிற்கும். சரிவு ஒரு குறைபாடு போலத் தோன்றினாலும் அது பாதுகாப்புக்காக விடப்பட்ட இடம்.

பயாஸில் இந்தச் சரிவை நிமிர்த்தும் வசதியும் உண்டு. புதிதாக ஓவர்கிளாக் செய்பவர்கள் அதை உச்சத்தில் வைத்துவிட்டு, ‘இப்போது மின்னழுத்தம் அசையாமல் நிற்கிறது’ என்று மகிழ்கிறார்கள். சுமை இறங்கும் கணத்தில் மின்னழுத்தம் அமைத்த எண்ணையும் தாண்டித் துள்ளுவது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது மைக்ரோ நொடிக் கணக்கில் நடந்து முடிந்துவிடுகிறது. திரையிலுள்ள எண்ணோ நொடிக்கு ஒருமுறை அல்லது இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. மல்டிமீட்டரும் சராசரியைத்தான் காட்டும். அலைநோக்கி வைத்தால்தான் அந்தத் துள்ளலைப் பார்க்க முடியும்.

அளவி தரும் எண்ணை அப்படியே நம்பலாமா?

மேல்நிலை முதலாம் ஆண்டு இயற்பியலின் முதல் அலகில் அளவீட்டியலும் பிழைகளும் வருகின்றன. அந்தப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டுகள் கிடைப்பது அரிது.

மீச்சிற்றளவு: பல கண்காணிப்புச் சில்லுகள் 8 அல்லது 16 மில்லிவோல்ட் படிகளாகவே அளக்கின்றன. 16 மில்லிவோல்ட் படி உள்ள போர்டில் 1.184, 1.200, 1.216 என்றுதான் எண்கள் வரும். 1.207 வரவே வராது. மூன்று தசம இடம் காட்டுகிறது என்பதால் மூன்று தசம இடத்துக்கும் துல்லியம் உண்டு என்று பொருளில்லை.

அளவுமாற்றம்: கண்காணிப்புச் சில்லால் 12 வோல்ட்டை நேரடியாக அளக்க முடியாது. மின்தடைகளைக் கொண்டு அதைப் பகுத்துச் சிறிதாக்கித்தான் கொடுக்கிறார்கள். பகுத்த விகிதம் மென்பொருளுக்குத் தெரியாவிட்டால், நன்றாக ஓடும் கணினியில்கூட 12 வோல்ட் இணைப்பை 8 வோல்ட் என்று காட்டும். 12 வோல்ட் உண்மையிலேயே 8 ஆகியிருந்தால் கணினி ஓடியே இருக்காது. எண்ணைப் பார்த்து அலறுவதற்கு முன், ‘இது நடக்கக்கூடியதா?’ என்று கேட்கும் பழக்கம் மாணவருக்கு வேண்டும்.

அளப்பதால் மாறும் அளவு: 2019 ஜூலையில் ஏஎம்டி நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறை ரைசன் செயலிகள் வெளிவந்தபோது, கணினி சும்மா இருக்கும்போதே 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது என்று பலரும் பதறினார்கள். நிறுவனம் தந்த விளக்கம் சுவையானது. சில கண்காணிப்பு மென்பொருள்கள் மிக அடிக்கடி ஒவ்வொரு உள்ளகத்தையும் எழுப்பி அளவு கேட்கின்றன. எழுப்பப்பட்ட உள்ளகம் வேலை வந்துவிட்டதென்று எண்ணி வேகத்தையும் மின்னழுத்தத்தையும் உயர்த்துகிறது. தூங்குகிறானா என்று பார்க்கப் போய்த் தட்டி எழுப்பிய கதைதான்.

மேலும், ஒரே ஒரு உள்ளகம் சில கணங்கள் வேலை செய்யும்போது வரும் 1.4 வோல்ட்டும், எல்லா உள்ளகங்களும் மணிக்கணக்கில் வேலை செய்யும்போது வரும் 1.4 வோல்ட்டும் ஒன்றல்ல. முதலாவதில் மின்னோட்டமும் வெப்பமும் குறைவு. மின்னழுத்தத்தை மின்னோட்டம், வெப்பநிலை, நேரம் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அண்மை ஆண்டுகள் கற்றுத்தந்தவை

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகள் அல்ல. 2023 ஏப்ரலில், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் எக்ஸ்3டி செயலிகள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகிப்போன படங்கள் வெளியாயின. நினைவகத்தின் வேகத்தைக் கூட்டும் ஆயத்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தபோது, சில மதர்போர்டுகள் செயலியின் இன்னொரு பகுதிக்கான மின்னழுத்தத்தைத் தாமாகவே அதிகம் உயர்த்தியிருந்தன. அந்த மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி தடுக்கும் புதிய பயாஸ் பதிப்புகள் பின்னர் வந்தன. ‘விகோர்’ ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்காது.

2024-ல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் பல, நாளடைவில் நிலைகுலையத் தொடங்கின. செயலிக்குள் இருக்கும் மைக்ரோகோடு தவறான மின்னழுத்தக் கோரிக்கைகளை அனுப்பியதும் ஒரு காரணம் என்று நிறுவனம் ஜூலையில் அறிவித்தது. கோரிக்கை 1.55 வோல்ட்டைத் தாண்டாதபடி தடுக்கும் திருத்தம் ஆகஸ்டில் வந்தது. மிகை மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் சுற்றின் ஒரு பகுதியை விரைவில் முதுமையடையச் செய்தன என்றும், அதனால் அந்தச் செயலி நிலையாக இயங்கத் தேவைப்படும் குறைந்தபட்ச மின்னழுத்தமே உயர்ந்துவிட்டது என்றும் செப்டம்பரில் விளக்கியது. பாதிக்கப்பட்டவர்களில் ஓவர்கிளாக் செய்யாதவர்களும் இருந்தார்கள். உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன செயலியைத் திருத்தத்தால் மீட்க முடியவில்லை.

மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான். மிகை மின்னழுத்தத்தின் கேடு பெரும்பாலும் அன்றே தெரியாது. உலோக இணைப்புகளின் அணுக்கள் மின்னோட்டத்தின் உந்தலால் மெல்ல மெல்ல நகர்வது போன்ற மாற்றங்கள் மாதக்கணக்கில் சேர்ந்து வெளிப்படும். ‘நேற்று நன்றாகத்தானே ஓடியது’ என்பது சான்றாகாது.

வகுப்பறையில் செய்து பார்க்க

செயல்பாடு 1: பத்தாம் வகுப்புக்கு. ஒரு டார்ச் மின்கலம், மூன்று சிறு பல்புகள், ஒரு மல்டிமீட்டர் போதும். மின்கலத்தின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, பல்புகளை ஒவ்வொன்றாகப் பக்க இணைப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பல்புக்கும் மின்னழுத்தம் சிறிது இறங்குவதைக் குறித்துக்கொள்வார்கள். பழைய மின்கலத்தை வைத்துச் செய்தால் இறக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். அடுத்து, மல்டிமீட்டரை மின்கலத்திலிருந்து எடுத்து, மெல்லிய நீண்ட கம்பியின் மறுமுனையில் உள்ள பல்பின் மேல் வையுங்கள். எண் மேலும் குறையும். ‘எங்கே அளக்கிறோம்’ என்பது விடையை மாற்றும் என்பதைக் கையாலேயே உணர்வார்கள்.

செயல்பாடு 2: மேல்நிலை வகுப்புக்கு. மேலே தந்த நான்கு மின்னோட்ட, மின்னழுத்த எண்களை வரைபடத்தாளில் குறித்து, கோட்டின் சாய்விலிருந்து மின்தடையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 90 ஆம்பியர் மாற்றத்துக்கு 0.099 வோல்ட் மாற்றம், ஆகவே 1.1 மில்லி ஓம். இதே கோட்டை நீட்டி 150 ஆம்பியரில் எவ்வளவு என்று கேளுங்கள். விடை 1.135 வோல்ட்.

செயல்பாடு 3: ஆசிரியர் தம் சொந்தக் கணினியில் கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து, சும்மா இருக்கும்போதும், தட்டச்சு செய்யும்போதும், காணொளி ஓடும்போதும் வரும் எண்களை மாணவர்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ‘அமைத்தது, கோரியது, அளந்தது’ என்ற மூன்றில் எது என்று எழுதச் சொல்லுங்கள். மடிக்கணினிகள் பலவற்றில் விகோர் கிடைக்காது. கிடைக்காத இடத்தைக் காலியாக விடப் பழகுவதும் அறிவியல்தான்.

கவனிக்க வேண்டியவை

பள்ளி ஆய்வகக் கணினிகளின் பயாஸில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. அவை பொதுச் சொத்து. மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கவோ, ஓடும் மதர்போர்டில் மல்டிமீட்டர் ஊசியை வைக்கவோ மாணவர்களை அனுமதிக்கக் கூடாது. நூறு ஆம்பியர் பாயும் இடத்தில் ஊசி சறுக்கினால் குறுக்குச்சுற்று ஏற்பட்டு எல்லாம் கருகிவிடும்.

வீட்டில் முயன்றே தீருவேன் என்னும் மாணவரிடம் ‘செய்யாதே’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அவர் நம்மிடம் கேட்பதை நிறுத்துவார், முயல்வதை நிறுத்த மாட்டார். அவரிடம் நான்கு கேள்விகளைக் கொடுத்து அனுப்பலாம். இந்த எண் அமைத்ததா, கோரியதா, அளந்ததா? அளந்தது என்றால் எந்த இடத்தில்? அந்த நேரத்தில் மின்னோட்டமும் வெப்பநிலையும் எவ்வளவு? உன் செயலிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லை என்ன? நான்குக்கும் விடை எழுதிக்கொண்டு வந்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். விடை தேடும் முயற்சியிலேயே அவர் ஓம் விதியையும், மின்திறனையும், அளவீட்டுப் பிழையையும் ஒருமுறை முழுதாகப் படித்து முடித்திருப்பார்.